பூமிநாதனுக்குப் பிடித்திருந்தது

கோபப்படாமல் நடந்ததை நடந்தபடி சொல் என்கிறார் என் வீட்டுக்காரர் தங்கவேல். அவருக்கென்ன, சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்தால் வேன் கொண்டுவந்து தெருமுனையில் விட்டுவிடும். மூன்று காணியில் பொன்னி நட்டு, களை பறித்து, மயில் விரட்டி, கதிர் பழுக்கிற வரைக்கும் காத்துக் கிடந்தவள் நான். அதனால் கோபத்தோடுதான் சொல்வேன். நடந்தது என்னவோ நடந்தபடிதான் இருக்கும்.

என் பெயர் ஜெயசுதா. ஊர் சேலியமேடு, பாகூர் ஏரிப் பாசனம். எங்கள் பக்கம் நெல் அறுக்க இப்போது வண்டிதான். அரிவாள் பிடித்த கையெல்லாம் கம்பெனிக்கும் பெட்ரோல் பங்குக்கும் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் அறுவடை வண்டி டிரைவருக்கு ஒரு போன் போட்டால் போதும், மறுநாள் வயலில் நிற்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்தில் 'உழவர் மின்வழி முகமை' என்று ஒன்றைத் திறந்தார்கள். எந்த வண்டியானாலும் 'உழவர் வாசல்' என்கிற செயலியில் பதிந்து நம்பர் வாங்கினால்தான் வயலில் இறங்கலாம் என்று விதி வந்தது. நம்பர் இல்லாமல் இறங்கிய இரண்டு வண்டிகளைப் பிடித்து ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அதற்கப்புறம் எந்த டிரைவரைப் பார்த்தாலும், நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு முன்னால் 'நம்பர் வந்துச்சாக்கா?' என்றுதான் கேட்கிறான்.

அந்தச் செயலியில் ஐந்து கட்டங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். மூன்றாவது கட்டத்தில் 'அறுவடைப் பொறி ஒதுக்கீட்டு வேண்டுகைப் பதிவு' என்று இருந்ததை நாலு தரம் படித்தேன். வண்டி தருகிறேன் என்கிறானா, என்னிடம் இருக்கிற வண்டியைக் கேட்கிறானா என்று கடைசி வரை பிடிபடவில்லை. பக்கத்து வயல் விஜயகுமாரிதான் அமுக்கி அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"மேலேர்ந்து மூணாவது. பச்சையா இருக்கும். அமுக்கு. ரெண்டு தபா ஆமாம் குடு. அவ்ளோதான்டி."

அவள் எனக்குச் சொன்னாள். நான் என் நாத்தனாருக்குச் சொன்னேன். ஒரே வாரத்தில் பாகூர் கொம்யூனில் ஊர் ஊராகப் பரவிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் 'மூணாவது, ரெண்டு ஆமாம்'தான், பி.ஏ. படித்துவிட்டு வயல் பார்க்கிறவர்களும் 'மூணாவது, ரெண்டு ஆமாம்'தான். ஒருவரும் எழுத்தைப் படிக்கவில்லை. தினமும் திறக்கிற கொல்லைக் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? மூன்று வருஷம், ஆறு அறுப்பு, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் போயிற்று. அதுதான் முகமைக்காரர்கள் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்.

இந்தத் தை மாதம் காணும் பொங்கல் கழிந்த மறுநாள் செயலியைத் திறந்தேன். திரை வெள்ளை வெளேர் என்று இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தொடையில் தட்டினேன். மெல்ல ஒரு வரி வந்தது.

'வணக்கம் ஜெயசுதா! இன்று உங்கள் மண் எப்படி உணர்கிறது?'

கீழே மூன்று முகங்கள். ஒன்று சிரித்தது, ஒன்று அழுதது, ஒன்று சும்மா இருந்தது. மண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், எனக்கு அவகாசம் இல்லை என்று சிரிக்கிற முகத்தை அமுக்கினேன். பழையபடி ஐந்து வந்தன. கட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை, பச்சையும் இல்லை. சாம்பல் நிறத்தில் கொசு அளவுக்கு ஐந்து படங்கள். மேலிருந்து எண்ணினேன். மூன்றாவதை அமுக்கினேன். 'நிச்சயமா?' என்றது, ஆமாம் கொடுத்தேன். 'உண்மையாகவா?' என்றது, அதற்கும் ஆமாம். உடனே திரை முழுக்கப் பூ கொட்டியது. 'நன்றி! நீங்கள் மண்ணின் தோழி' என்று வந்தது. பரவாயில்லையே, இந்தத் தரம் மரியாதையெல்லாம் கொடுக்கிறார்களே என்று நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியை எதால் அடிக்க!

நாலு நாள் ஆயிற்று. நம்பர் வரவில்லை. விஜயகுமாரிக்கும் வரவில்லை. அவளும் மண்ணின் தோழி ஆகியிருந்தாள். எட்டுக் காணிக்காரர் பலராமன் அண்ணனும் அறுபது வயதில் மண்ணின் தோழன் ஆகியிருந்தார். ஊரில் ஒருத்தருக்கும் நம்பர் வரவில்லை. இதற்குள் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு, வெள்ளிக்கிழமை முதல் கனமழை என்று டிவியில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். பொன்னி நெட்டையாக வளர்கிற ரகம். பழுத்து நிற்கும்போது ஒரு மழை போதும், படுத்துவிடும். படுத்த நெல் எழுந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாகூரில் இருக்கிற முகமையின் உதவி மையத்துக்குப் போனேன். கதிர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு பிடி நெற்கதிரைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். அங்கே ஒப்பந்த வேலையில் இருக்கிறவன் சிலம்பரசன், குருவிநத்தத்துப் பையன். நல்ல பிள்ளை. அவனைத் திட்ட மனசு வராது.

"இன்னாப்பா, நாலு நாளாச்சு. நம்பரே வர்ல?"

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். "அக்கா, நீ வண்டியே கேக்கலியே. நெலத்துக்கு ஓய்வு குடுத்துருக்க."

"இன்னாது?"

"நில ஓய்வுத் திட்டம்க்கா. புதுசு. இந்தப் போகம் பயிர் வெக்கல, மண்ணு சும்மா கெடக்கட்டும்னு நீயே எழுதிக் குடுத்துருக்க. ரெண்டு தபா ஆமாம் வேற சொல்லியிருக்க."

பையிலிருந்த கதிரை எடுத்து மேஜை மேல் போட்டேன். "அப்ப இது இன்னாடா?"

"நெல்லு."

"எங்க வெளஞ்சது?"

"உன் நெலத்துல."

"அப்புறம்?"

"அது தரிசாச்சேக்கா!" பாவம், அழுகிற மாதிரி ஆகிவிட்டான். "நானும் நெல்லுக்காரன் வூட்டுப் புள்ளதான். கண்ணால பாக்கறேன், நெல்லுதான். ஆனா இதுல தரிசுன்னு இருக்கே, நான் இன்னா பண்றது? காலைலேர்ந்து நீ நாப்பதாவது ஆளு. பாகூர் கொம்யூன்ல இந்தப் போகம் யாருமே பயிர் வெக்கல."

வண்டி கேட்கிற இடம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நாலாவது படத்தை விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தால் ஒரு மேகம் வருமாம், மேகத்தை இடது பக்கம் தள்ளினால் வண்டி வருமாம். அவனுக்கே நேற்றுச் சாயங்காலம்தான் தெரியுமாம். ஆனால் தரிசு நிலத்துக்கு வண்டி வராது. ஓய்வு கொடுத்த நிலம் நூற்றிருபது நாள் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். அவசரமென்றால், பயிர் இருப்பதைப் படம் பிடித்து அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம்.

படம்தானே என்று விஜயகுமாரியைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். திரையில் முட்டை மாதிரி ஒரு வட்டம் வந்தது. 'முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரவும்' என்றது. என் முகத்தைக் காட்டினேன். 'பயிரின் முகத்தைக் கொண்டுவரவும்' என்றது. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று சரிபார்க்கச் செய்து வைத்திருந்ததையே நெல்லுக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரு கதிரைப் பிடித்து வட்டத்துக்குள் நிறுத்தினேன்.

'தலையை மெதுவாக இடப்புறம் திருப்பவும்.'

நல்ல வேளை, காற்று அடித்தது. கதிர் இடப்புறம் சாய்ந்தது. சரி என்று குறி விழுந்தது. வலப்புறம் என்றது, விஜயகுமாரி முந்தானையால் விசிறினாள், அதற்கும் குறி விழுந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது.

'இப்போது கண்ணைச் சிமிட்டவும்.'

நாங்கள் இரண்டு பேரும் கதிரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சிமிட்டச் சொல்லேன்டி," என்றாள் விஜயகுமாரி.

'உயிர் இருப்பது உறுதியாகவில்லை. நாளை முயலவும்' என்று வந்து அணைந்துவிட்டது.

புதன்கிழமை நானும் பலராமன் அண்ணனும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். தவளக்குப்பம் தாண்டும்போது அண்ணன் ஒரே ஒரு தரம், "எட்டுக் காணிம்மா," என்றார்.

முகமையின் தலைமை அலுவலகத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. 'பயனர் பெருவிழா' என்று பேனர். உள்ளே போக முடியாது, அழைப்பிதழ் வேண்டும் என்றார் வாசல்காரர்.

"பயனர்னா யாருங்க?" என்று கேட்டேன்.

"செயலிய பயன்படுத்தறவங்க."

"நாங்கதான் அது."

"அழைப்பிதழ் இருக்குதா?"

இல்லை என்றோம். அண்ணனின் வேட்டியையும் துண்டையும் ஏற இறங்கப் பார்த்தார். "வரவேற்புல விவசாயி வேஷத்துல நிக்கிற ஆளுங்களா நீங்க? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பின்னால வழியா போங்க." அப்படித்தான் உள்ளே போனோம். அங்கே ஏற்கெனவே ஆறு பேர் தலைப்பாகை கட்டி, அட்டை ஏர்க்கலப்பையோடு காத்திருந்தார்கள். நாடகக் குழுவாம். எங்களைவிட நன்றாகவே விவசாயி மாதிரி இருந்தார்கள்.

மண்டபத்தின் முன்வரிசையில் இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆளுயர அட்டைப் படம் ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். சிவந்த மேனி, டெனிம் சட்டை, கையில் மடிக்கணினி. கழுத்தில் அடையாள அட்டை: 'பூமிநாதன், 34, விவசாயி'. அதன் முன்னால் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள்.

இயக்குநர் ராஜ்மோகன் பேச எழுந்தார்.

"பயனரைக் கேட்காமல் நாங்கள் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை," என்று ஆரம்பித்தார். கைதட்டினார்கள். "எங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் பூமிநாதனுக்கு ஒரு நாற்காலி உண்டு. நிறங்கள் வேண்டுமா என்று பூமிநாதனைக் கேட்டோம். அவர் எளிமையை விரும்புகிறவர். எழுத்துகள் வேண்டுமா என்று கேட்டோம். அவர் குறிப்பால் உணர்கிறவர். புதிய வடிவம் பூமிநாதனுக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய வடிவத்தில் ஒரு விவசாயி எங்களோடு நாற்பது விநாடிதான் செலவிட்டார். வந்தார், அமுக்கினார், போய்விட்டார். அதில் உறவு எங்கே இருக்கிறது? இன்று ஒரு விவசாயி சராசரியாக ஐம்பது நிமிடம் எங்களோடு இருக்கிறார். நேற்று ஒருவர் ஆறு மணி நேரம் இருந்தார். இதை நான் அன்பு என்கிறேன்."

பலராமன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆறு மணி நேரம் அவர்தான்.

அடுத்து வடிவமைப்புத் தலைவர் திலீப். திரையில் பழைய செயலியின் படம் வந்தது. ஐந்து கட்டங்களில் மூன்றாவது மட்டும் ரத்தம் தோய்ந்த மாதிரி சிவப்பாக இருந்தது.

"விவசாயியின் விரல் எங்கே அதிகம் படுகிறது என்று மூன்று ஆண்டுகள் கூர்ந்து கவனித்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் சிவப்பாகத் தெரிகிற இந்த இடத்தைத்தான் தொடுகிறார்கள். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை கட்டைவிரலின் அமைப்பாக இருக்கலாம். ஆனால் விவசாயி விரும்பித் தொடுகிற இடம் அது. ஆகவே எங்கள் மிக முக்கியமான புதிய திட்டத்தை, நில ஓய்வை, அந்த இடத்திலேயே வைத்தோம். ஒரே வாரத்தில் பாகூர் கொம்யூன் முழுவதும் ஓய்வு எடுத்துவிட்டது. எதிர்ப்பு இல்லை. விளக்கக்கூட்டம் இல்லை. இருமுறை உறுதி கேட்டோம், இருமுறையும் ஆமாம் என்றார்கள்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்தேன். கைதட்டுவதற்கு இல்லை.

"ஐயா, அது கட்டைவிரல் இல்ல. வண்டி," என்று கத்தினேன். "அந்த எடத்துல வண்டி இருந்துது. வண்டி வேணும்னு அமுக்குனோம். நீங்க வண்டிய எடுத்துட்டுத் தரிச வெச்சிட்டீங்க. வெள்ளிக்கிழம மழை. ஊரே பழுத்து நிக்குது."

இயக்குநர் மைக்கை வாங்கி, புன்சிரிப்போடு, "நம் பயனர் ஒருவர் நேரில் வந்திருப்பது நமக்குப் பெருமை. உங்கள் கருத்தை வரவேற்கிறோம், அம்மா. கருத்துச் சொல்லும் வசதி அடுத்த பதிப்பில் வருகிறது," என்றார்.

"அதுக்குள்ள நெல்லு படுத்துடும்."

"உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பூமிநாதனுக்கு இந்தச் சிக்கல் வரவே இல்லையே?"

"பூமிநாதன் எந்த ஊரு? எங்க நெலம் வெச்சிருக்காரு? ஒரு தபா காட்டுங்க, நான் கால்ல வுழுறேன்."

திலீப் குறுக்கே வந்தான். "அவர் கற்பனைப் பயனர், மேடம். பன்னிரண்டு வல்லுநர்கள் சேர்ந்து உருவாக்கியவர். உங்களை மாதிரி ஒருத்தர் ரெண்டு பேரைக் கேட்டு முடிவு பண்ணினால் அது அறிவியல் ஆகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அந்த அட்டையை ஒரு உதை விட்டால் என்ன என்று இரண்டு அடி எடுத்தும் வைத்தேன். அதற்குள் யாரோ வந்து எங்கள் இரண்டு பேருக்கும் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, கையில் ஆளுக்கொரு மரக்கன்றைக் கொடுத்து, வாசல் வரைக்கும் மரியாதையாகக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

வெளியே ஒரு பெண் எங்கள் பின்னாலேயே ஓடி வந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் அபிதா. "அக்கா, அந்த எடத்த மாத்தி எழுதுனது நான்தான். இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாதுக்கா," என்றது. கண் கலங்கியிருந்தது. இந்த அலுவலகத்தில் ஒருத்திக்காவது கண் கலங்குகிறதே என்று எனக்கும் மனசு இளகியது.

"பரவால்ல கண்ணு. மறுபடி மாத்திக் குடுத்துடு. ராவுக்குள்ள நம்பர் வந்துட்டா நாளைக்கு அறுத்துடுவோம்."

"அஞ்சு நிமிஷ வேலைதான்க்கா. ஆனா மாத்துனா ஒரு நாள் சோதிச்சுப் பாக்கணும், அது வியாழக்கிழம. வெள்ளிக்கிழம எதையும் வெளிய விடக்கூடாதுன்னு ரூல். எதாவது ஒடஞ்சா சனி ஞாயிறு பாக்க ஆள் இருக்காது. திங்கக்கிழம மொத வேலையா பண்ணிடறேன்."

"வெள்ளிக்கிழம மழைம்மா."

"அதான்க்கா, வெள்ளிக்கிழம ரிஸ்க் எடுக்க மாட்டாங்க," என்றது. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டது.

வியாழக்கிழமை அறுவடை வண்டி எங்கள் வயலோரத்துத் தார் ரோட்டில் நின்றது. டிரைவர் முத்துக்குமரன் மூன்று வருஷமாக எங்களுக்கு அறுக்கிறவன். கெஞ்சினேன். நம்பர் இல்லாமல் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அவன் குடும்பத்துக்குச் சோறு இல்லை என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். பழுத்த நெல்லுக்கும் வண்டிக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தங்கவேல் லீவு போட்டார். அவரும் நானும் விஜயகுமாரியும் துருப்பிடித்த அரிவாள்களைத் தேய்த்து எடுத்துக்கொண்டு இறங்கினோம். பொழுது சாய்வதற்குள் அரைக்காணி அறுத்தோம். எனக்கு உள்ளங்கை இரண்டும் கிழிந்துவிட்டது. மீதி இரண்டரைக் காணி காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. சொன்னபடி வெள்ளிக்கிழமை மழை வந்தது. வானிலை ஆபீஸ்காரர்கள் மட்டும் எப்படித்தான் சொன்ன தேதியில் சொன்னதைக் கொடுக்கிறார்களோ! மூன்று நாள் விடாமல் அடித்தது. நெல் பாய் விரித்த மாதிரி படுத்துத் தண்ணீருக்குள் போயிற்று. வாய்க்காலை வெட்டிவிட்டேன், வடியவில்லை, ஊரெல்லாம் அதே கதைதான். பலராமன் அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அபிதா சொன்ன திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை காலையில் நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா! ஜெயசுதாக்கா! சரியாயிடுச்சுக்கா! திங்கக்கிழம ஃபுல்லா மீட்டிங், அதான் லேட்டு. மூணாவது எடத்துலயே வண்டிய வெச்சிட்டேன். பச்சை கலர்கூட குடுத்துருக்கேன். இன்னொண்ணு தெரியுமா? உங்க தரிசும் நீங்கிடுச்சு! யாரும் கைய வெக்கல, தானாவே. மேலேர்ந்து சேட்டிலைட்ல எடுத்த படத்துல உங்க நெலம் பூரா எளம்பச்சையா தெரியுது. புதுப்பயிர்னு சிஸ்டம் ஏத்துக்கிச்சு. பாகூர் முழுக்கவே பச்சைக்கா!"

நான் குனிந்து ஒரு கதிரைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையும் பச்சையுமாக முளை விட்டிருந்தது. அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது.

"பச்சையாத்தாம்மா இருக்குது," என்றேன். "கதிர்லயே நெல்லு மொளச்சிடுச்சு."

அபிதா கேட்டது: "மொளச்சா நல்லதுதானேக்கா?"

கிண்டல் இல்லை. முளைத்த நெல் அரிசியாகாது என்று அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மழையில் அழாத நான் அப்போதுதான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். "அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.